பலகை வீட்டில் ஒரு மண்சுவர்

என் வீட்டுக்காரர் ஜொகூரில் எனக்காக ஒரு கிராமத்து வீடு செய்தார். கட்டினார் என்று சொல்ல முடியாது. தோட்டத்தில் கொடுத்த பலகை வீடு ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. அதன் உள்பக்கம் முழுக்க மண்ணை அப்பி, காவியும் சுண்ணாம்பும் பட்டை அடித்து, உறி கட்டி, மாடம் வைத்து அலங்காரம் பண்ணினார். இதைக் கேட்கிறவர்கள் எல்லோரும் சிரிக்கிறார்கள். என் பிள்ளைகளும் சிரிப்பார்கள். நான் ஒரு நாளும் சிரித்ததில்லை.

செடெனாக் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கி, மாட்டு வண்டியில் செம்மண் பாதையோடு போனால் எங்கள் தோட்டம். இரண்டு பக்கமும் ரப்பர் பால்மரம். உச்சி வெயிலிலும் உள்ளே விளக்கு வைக்கிற நேரம் போலத்தான் இருக்கும். புதுப் பெண்ணாக அந்த இருட்டுக்குள் வண்டி நுழைந்தபோது சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்து, "இதான் ஆப்பீஸு, அது ஆஸ்பத்திரி, அங்க தெரியுதே அது பெரட்டுக் களம், காலைல ஆளுங்கள நிறுத்திப் பேர் கூப்பிடுற எடம்" என்று காட்டிக்கொண்டே வந்தார். ஆப்பீஸில் இவர் சின்னக் கிராணி, கணக்கு எழுதுகிற வேலை. பெரிய கிராணி வீட்டை அடுத்து எங்கள் வீடு. சின்னச் சின்னக் கால்களின் மேல் நின்ற பலகை வீடு, தகரக் கூரை, முன்பக்கம் ஒரு கண்ணாடி ஜன்னல்.

உள்ளே போனதும் நான் முதலில் செய்த காரியம், சுவரைத் தட்டிப் பார்த்ததுதான். டொக்கு டொக்கென்று சத்தம் கேட்டது. இவர், "என்ன தட்டுற, ஆள் இருக்குன்னு நெனச்சியா?" என்று கேலி செய்தார். பலகைச் சுவர். விழுந்தாலும் பலகைதான் விழும், தள்ளிவிட்டு எழுந்து வந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஊரில் எனக்குப் பிடித்த முதல் பொருள் அந்தச் சுவர்தான்.

ஏன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். திருச்சிக்கு மேற்கே, ஆற்றை ஒட்டிய ஊர் எங்களுடையது. எனக்குப் பதிமூன்று வயசு இருக்கும்போது ஓர் ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. எங்கள் வீடு மண்சுவர் வீடு. சுவர் ஊறி ஊறிக் கறுத்துப்போயிருந்தது. அம்மா அடுப்படியில் இருந்தாள். நான் கொல்லையில் ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சத்தம்கூடப் பெரிதாக இல்லை. மூட்டையை இறக்கிப் போடுகிற மாதிரி ஒரு தொப். திரும்பிப் பார்த்தால் அடுப்படிச் சுவர் இல்லை, அம்மாவும் இல்லை. அக்கம்பக்கத்து ஆட்கள் ஓடிவந்து தோண்டினார்கள். நானும் கையாலேயே தோண்டினேன். ஈர மண் எவ்வளவு கனம் என்பது அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. நகக்கண்ணில் ஏறிய மண் பல நாள் போகவில்லை. அந்த வாசனை அதற்கு மேலும் போகவில்லை.

அப்படிச் செத்தவர்களை எங்கள் பக்கம் நல்ல சாவு செத்தவர்களாகக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். ஆவி அடங்காது, அந்த வீட்டுப் பெண்ணை எடுத்தால் கூடவே வரும் என்பார்கள். அதனால் எனக்கு வரன் பார்த்த மாமா, அம்மா காய்ச்சலில் போய்விட்டாள் என்று சொல்லித்தான் சம்பந்தம் பேசினார். கப்பல் ஏறுகிற அன்றைக்கு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கரைக்குப் போனாலும் இந்தப் பேச்சை எடுக்காதே. எடுத்தியோ, அடுத்த கப்பல்ல உன்னைத் திருப்பி அனுப்பிருவாங்க. இங்க உன்னை வச்சுக்க ஆளில்லை" என்றார். நான் தலையை ஆட்டினேன். ஆக, என் அம்மா எப்படிச் செத்தாள் என்பது என் கல்யாணத்துக்கு அடியில் புதைத்து வைத்த சங்கதி. அது வெளியே வந்தால் நான் தெருவில் நிற்க வேண்டியதுதான் என்று நம்பினேன்.

ஜொகூரில் மழைக்குக் காலம் நேரம் கிடையாது. பாதி நாள் சாயங்காலம் வானம் இருட்டிக்கொண்டு வரும், தகரத்தின் மேல் கொட்டும், பேசினால் பேசுகிறவருக்கே கேட்காது. மழை பிடித்ததும் எனக்கு அழுகை வந்துவிடும். அடக்கிப் பார்ப்பேன், முடியாது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுவேன். ஒரு நாள் இவர் ஆப்பீஸிலிருந்து நனைந்துகொண்டே வந்தவர், என்னைப் பார்த்துவிட்டுக் குடையை மடக்காமலே நின்றார்.

"என்ன புள்ள, ஊர் ஞாபகமா?"

"ஆமாங்க" என்றேன். வேறென்ன சொல்வது?

எல்லாம் அந்த ஒரு ஆமாங்கவிலிருந்து வந்ததுதான்.

இவரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இவர் ஊரையே பார்த்ததில்லை. பிறந்தது அதே தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில். அப்பா அம்மா இரண்டு பேரும் பால்வெட்டுக்கு வந்தவர்கள். சின்ன வயதிலேயே இரண்டு பேரும் போய்விட, பழைய துரை ஒருவர் இரக்கப்பட்டு டவுனில் பாதிரியார் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டாராம். அங்கே படித்துத்தான் மேசைக்கு வந்தார். தாய் தகப்பனைப் பற்றி வாய் திறக்கமாட்டார். நான் கேட்டபோது, "லயத்துலதான் செத்தாங்க" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார். கருவேல மரத்தைப் பார்த்ததில்லை, வைக்கோல் போரைப் பார்த்ததில்லை. மண்சுவர் வீட்டில் ஒரு ராத்திரி படுத்ததில்லை. ஊர் என்றால் இவருக்கு லயத்துச் சனங்கள் சாயங்காலத்தில் பேசிக்கொள்கிற பேச்சு, அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில் துரை பங்களாவில் ஒரு வேலை நடந்தது. துரைசாணி புதிதாகச் சீமையிலிருந்து வந்தவர். நாள் முழுக்க அழுதுகொண்டே இருக்கிறார் என்று சமையல்காரர் சொல்லி எல்லோருக்கும் தெரியும். துரை என்ன செய்தார் என்றால், பங்களாவில் ஒரு அறையை அவர்கள் நாட்டுக் குடியானவன் வீடு மாதிரி மாற்றச் சொன்னார். சீன ஆசாரி ஒருவர் வந்தார். அவரிடம் மலாயில் பேசி வேலை வாங்குவதற்கு இவரைப் போட்டார்கள். வீட்டுக்கு வந்து எனக்குக் கதை கதையாகச் சொல்வார். நல்ல வழவழப்பான பலகையை எடுத்துவிட்டு, இழைக்காத முரட்டு மரத்தைத்தான் வைக்க வேண்டுமாம். மச்சுக்குக் கீழே குறுக்கே உத்தரங்கள், எதையும் தாங்காமல் சும்மா ஆணியில் நிற்கிற உத்தரங்கள். கல்லில் ஒரு கணப்பு அடுப்பு, இந்தப் புழுக்கத்தில் அதில் யாரும் நெருப்புப் போடப் போவதில்லை, விறகு மட்டும் அடுக்கி வைத்திருக்கிறது. சுவரில் செம்புச் சட்டிகள், பழைய வண்டிச் சக்கரம், ஜன்னலுக்குக் கட்டம் போட்ட துணி.

"காசு இருக்கவங்க கூத்து" என்றேன் நான்.

"கூத்து இல்ல புள்ள. அந்த ரூம் வந்ததுக்கப்புறம் அந்தம்மா அழறத நிப்பாட்டிட்டாங்களாம். துரையே சொன்னாரு. சொந்த ஊரைக் கண்ணால பாத்துக்கிட்டே இருந்தா மனசு அடங்கிருதாம்."

இதைச் சொல்லும்போது இவர் என் முகத்தைப் பார்த்த பார்வையை நான் அப்போது கவனிக்காமல் போய்விட்டேன்.

எனக்குத் தலைப் பிரசவம். தாயில்லாத பெண் என்று பெரிய கிராணியின் மனைவி தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் யாழ்ப்பாணத்து அம்மாள், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். துடக்குக் கழிகிற வரைக்கும் வாசல்படி தாண்டவிடவில்லை. ஆண் குழந்தை. இவர் சாயங்காலம் ஜன்னலுக்கு வெளியே நின்று குழந்தையைப் பார்த்துவிட்டுப் போவார். கையெல்லாம் செம்மண்ணாக இருக்கும். "தோட்டம் கொத்துறேன், வெண்டக்கா போடலாம்னு" என்பார். அக்கா சேலையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பார். நானும் வெண்டைக்காய் என்றே நம்பினேன்.

தலை முழுகி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தேன். அக்கா ஆரத்தி சுற்றினார். நிமிர்ந்து பார்க்கிறேன், வாசலில் தென்னம் பச்சை மட்டையைப் பின்னித் தட்டியாகத் தொங்கவிட்டிருக்கிறது. பாடைக்குப் பின்னுகிற மாதிரி, இலை வாடாத பச்சை மட்டை.

நான் குழந்தையை அக்காவின் கையில் கொடுத்துவிட்டு அதைப் பிடுங்கி எறிந்தேன். "யாருக்குப் பாடை கட்டி வச்சிருக்கீங்க? பிள்ளை வீட்டுக்கு வர்ற அன்னிக்கா?" என்று கத்தினேன். இவர் முகம் செத்துப்போயிற்று. இவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. ஊரில் ஓலை பின்னித் தொங்கவிடுவார்கள் என்று யாரோ சொன்னது ஞாபகம். காய்ந்த கீற்று எதற்கு, பச்சை மட்டை எதற்கு என்று சொல்லித்தர யாருமில்லை. "தெரியாது புள்ள, தெரியாது" என்று அந்த மட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார்.

அப்படி ஒருமுறை அவரைப் பேச்சால் அடித்துவிட்ட பிறகுதான் நான் உள்ளே நுழைந்தேன்.

நுழைந்ததும் அந்த வாசனை அடித்தது. ஈர மண். நான்கு பக்கமும் மண். பலகையில் மூங்கில் பத்தைகளை வைத்து ஆணி அடித்து, அதன்மேல் செம்மண்ணை லாலான் புல்லோடு பிசைந்து கனமாக அப்பியிருந்தார். வைக்கோலுக்கு அங்கே எங்கே போவது? கீழே சாணி மெழுகின பட்டை, மேலே காவியும் வெள்ளையும். தகரத்துக்கு அடியில் அத்தாப்பு ஓலையைக் கட்டி மச்சு மாதிரி செய்திருந்தார். கயிற்று உறியில் சீனர் கடை ஊறுகாய்ச் சாடிகள் மூன்று, பானைக்குப் பதிலாக. பலகைத் தரையிலும் சாணியை மெழுகியிருந்தார், அது அப்பளம் போலத் தூக்கிக்கொண்டு நின்றது. எதிர்ச் சுவரில் மண்ணைப் புடைப்பாக வைத்து ஒரு விளக்கு மாடம். அது மட்டும் ரொம்பக் கீழே, என் இடுப்புக்குச் சற்று மேலே இருந்தது.

"எப்படி?" என்றார் பின்னாலிருந்து.

அக்கா, "பாத்தியே, உனக்காக ஒவ்வொரு நாளும் தானே மண் மிதிச்சவர்" என்றார். எனக்குக் கண்ணீர் வந்தது. இவர் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார். நான் என்னத்தைச் சொல்வது? மண்சுவர் வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் மாமா சொன்ன கப்பல். கையில் பச்சைப் பிள்ளை வேறு. சற்று முன்தான் வாசலில் அவ்வளவு பேச்சுப் பேசியிருக்கிறேன்.

"மாடம் ஏன் இம்புட்டுக் கீழ இருக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

"சும்மாதான். அப்படித்தான வைப்பாங்க?"

"இல்ல. கைக்கு எட்டுற உயரத்துல வைப்பாங்க. பிள்ளை தவழ்ந்து நடந்தா விளக்கைப் பிடிச்சு இழுத்துரும்."

"இருக்கட்டும்" என்றார். எதற்கும் விட்டுக்கொடுக்கிற மனிதர், அதற்கு மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

அன்றிலிருந்து நான் அந்த வீட்டில் தூங்கவில்லை என்றே சொல்லலாம். பாயைச் சுவரோரத்திலிருந்து இழுத்து நடுவில் போட்டேன். காற்று வேண்டும் என்று சாக்குச் சொன்னேன். தூளியைக் கட்டுகிற கொக்கி சுவருக்குக் கிட்டத்தான் இருந்தது. நடுவிட்டத்தில் மாற்றிக் கட்டித் தாருங்கள் என்றதற்கு, அத்தாப்பை அவிழ்க்க வேண்டும், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். அந்த வாரம் வரவே இல்லை. பகலில் இவர் போனதும் சுவரைத் தட்டிப் பார்ப்பேன். சத்தம் வராது. அந்த ஊரில் எனக்குப் பிடித்திருந்த ஒரே பொருளையும் மூடிவிட்டார்கள் என்று ஆத்திரமாக வரும்.

அத்தாப்பில் எலி குடி வந்தது, பூரான் விழுந்தது. இவர் அதையும் ரசித்தார். "ஊர்ல இதெல்லாம் உண்டுதான?" என்பார். உண்டுதான். உண்டு என்றுதானே விட்டுவிட்டு வந்தேன்.

பங்களாவரை செய்தி போய், ஒரு நாள் துரைசாணியே பார்க்க வந்துவிட்டார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சுவரைத் தடவி, உறியைத் தொட்டு, "பாகுஸ், பாகுஸ்" என்றார். நல்லா இருக்கு என்பதற்கு அந்த ஒரு மலாய் வார்த்தைதான் அவருக்குத் தெரியும்போல. இவருக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலி எடுக்க அக்கா வீட்டுக்கு ஓடினார். அப்போது நாங்கள் இரண்டு பேரும் தனியாக நின்றோம். அவர் என் பிள்ளையின் பாதத்தைத் தொட்டுக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். கண் இமை இரண்டும் வீங்கியிருந்தது. அழுது அழுது வீங்கின கண் எனக்குத் தெரியாதா? எனக்கும் அதே மாதிரிதான் இருந்தது. பாஷை இருந்திருந்தால் இரண்டு பேரும் என்ன பேசியிருப்போமோ! இவர் நாற்காலியோடு வந்துவிட்டார்.

அவர் போன பிறகு, "அந்தம்மா அழுதுக்கிட்டுத்தான் இருக்காங்க. கண்ணைப் பாத்தீங்களா?" என்றேன்.

"ஜலதோஷமா இருக்கும்" என்றார் இவர்.

கறையான் வந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். மண்சுவரில் மேலே ஒரு கோடு, விரல் கனத்தில். கீறிப் பார்த்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாக ஓட்டம். மண்ணுக்குப் பின்னால் பலகை எப்போதும் ஈரமாகவே இருந்தது. கறையானுக்கு அதைவிட விருந்து ஏது? சொன்னேன். மண்ணெண்ணெய் ஊற்றினார். அங்கே நின்றது, இங்கே கிளம்பியது. அப்போதாவது இடித்துவிடுவார் என்று பார்த்தேன். புதிதாக மண் பிசைந்து ஓட்டையை அடைத்து, அதன்மேல் காவிப் பட்டையையும் ஒழுங்காக இழுத்தார். அவ்வளவு பொறுமையாக அவர் வேறு எந்த வேலையும் செய்து நான் பார்த்ததில்லை.

வருஷக் கடைசியில் பெரிய மழை பிடித்தது. சாயங்கால மழை இல்லை. காலையும் மழை, மதியமும் மழை. மெர்சிங் பக்கமெல்லாம் வெள்ளம் என்றார்கள். பால்வெட்டு நின்றுபோய் லயத்துச் சனங்கள் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தார்கள். எங்கள் சுவரில் மேற்குப் பக்கம் ஒரு கருமை தெரிந்தது. கீழிருந்து நாளுக்கு நாள் ஏறியது. எங்கள் ஊர் அடுப்படிச் சுவரில் ஏறின அதே கருமை. இவரிடம் கையைப் பிடித்துக் காட்டினேன். "பலகை வெளியில இருக்குல்ல, அது தாங்கும்" என்றார். அந்தப் பலகையை உள்ளே கறையான் தின்று முடித்திருந்தது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

அன்றைக்கு மதியம். இவர் ஆப்பீஸில் இருந்தார். பிள்ளை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தான். நான் அடுப்புக்கு விறகு எடுக்க எழுந்தேன். எழுந்தவள் ஏனோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன். அழக்கூட இல்லை அவன். ஏன் தூக்கினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கொல்லைக் கதவைத் தொட்டிருப்பேன், பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. மூட்டையை இறக்கிப் போடுகிற மாதிரி, தொப்.

திரும்பிப் பார்த்தேன். மேற்குச் சுவரின் பாதி மண், மூங்கில் பத்தைகளோடு பாளமாகக் கழன்று, தூளியின் மேல் விழுந்து கிடந்தது. தூளித் துணி கொக்கியோடு பிய்ந்து மண்ணுக்கு அடியில் போய்விட்டது. அதன் ஒரு முனை மட்டும் வெளியே தெரிந்தது. பின்னால் உளுத்துப்போன பலகை வழியே மழை வெளிச்சம் உள்ளே வந்தது.

நான் கத்தினேனா இல்லையா, தெரியாது. பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டு அந்தக் கொட்டுகிற மழையில் ஓடினேன். கூரை இருக்கிற இடம் எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. பெரட்டுக் களத்தின் நடுவில், தலைக்கு மேல் ஒன்றுமே இல்லாத இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். முந்தானையைக் குடையாகப் பிடித்துப் பிள்ளையை மறைத்தேன்.

இவர் ஆப்பீஸ் ஜன்னலில் பார்த்துவிட்டு ஓடி வந்தார். "என்ன புள்ள, என்ன ஆச்சு, எந்திரி, பிள்ளைக்குச் சளி பிடிச்சிரும்" என்று என் கையைப் பிடித்து இழுத்தார்.

"நான் வரல. அந்த வீட்டுக்குள்ள வரவே மாட்டேன். கப்பல் ஏத்தி அனுப்புங்க. அனுப்பினா அனுப்புங்க."

"எதுக்கு அனுப்பணும்? என்ன பேசுற நீ?"

"எங்கம்மா காய்ச்சல்ல சாகல. மண்சுவர் விழுந்து செத்தாங்க. நான்தான் தோண்டினேன். இப்ப உங்க மண்ணு என் பிள்ளை தூளி மேல விழுந்து கிடக்கு, போய்ப் பாருங்க. ஊர் ஞாபகம்னு எவ சொன்னா? மழை பேஞ்சா எனக்குப் பயம். ஊரும் வேணாம், ஒண்ணும் வேணாம்!"

அத்தனையும் ஒரே மூச்சில் சொன்னேன். மழைச் சத்தத்தில் இவருக்கு எவ்வளவு கேட்டதோ என்று சந்தேகமாக இருந்தது. எல்லாம் கேட்டிருக்கிறது. இவர் என் முன்னால் அந்தச் சேற்றில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வெள்ளைக் காற்சட்டையெல்லாம் செம்மண். என் முந்தானையை விலக்கிப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். பிறகு, "மண்ணுதானன்னு நெனச்சேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். துர்மரணம் என்றோ, மறைத்துவிட்டார்கள் என்றோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கும் இல்லை, சாகிறவரைக்கும் இல்லை. மாமா பயமுறுத்திய கப்பல் எந்தத் துறைமுகத்திலிருந்தும் கிளம்பவே இல்லை.

என்னையும் பிள்ளையையும் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். சுவரைக் கொத்துகிற சத்தம் அக்கா வீட்டுக்குக் கேட்டது. பிள்ளைக்குப் பால் கொடுத்துத் தூங்க வைத்துவிட்டு நான் வாசல்படி வரை போய்ப் பார்த்தேன். உள்ளே போகவில்லை. மூன்று பக்கத்துச் சுவரையும் கொத்தித் தள்ளியிருந்தார். உறி, சாடி எல்லாம் வெளியே மழையில் கிடந்தன. மாடம் இருந்த சுவர் மட்டும் பாக்கி. அதன் முன்னால் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். களைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

"அதையும் இடிங்க" என்றேன்.

அவர் திரும்பவில்லை.

"எங்கம்மாவுக்கு இந்த லயம் பிடிக்கவே இல்ல" என்றார். "பலகைச் சுவர்ல ஆணி அடிக்கலாம், விளக்கு வைக்க முடியுமான்னு கேப்பாங்க. காய்ச்சல்ல கிடந்தப்ப ஊர் வீட்டைப் பத்தியே பேச்சு. மண்ணுல கோடு எப்படிப் போட்டிருந்துச்சு, உறி எங்க தொங்கும், எல்லாம் சொல்லுவாங்க. மாடம் எந்த ஒசரத்துலம்மா இருக்கும்னு நான் கேட்டேன். என்னைக் கிட்டக் கூப்பிட்டு நிக்க வச்சு, மெல்ல எந்திரிச்சு உக்காந்து என் தலை மேல கையை வச்சாங்க. இந்த ஒசரம்டான்னாங்க."

அப்போதுதான் அந்த மாடம் ஏன் அவ்வளவு கீழே இருந்தது என்று எனக்குப் புரிந்தது. வளர்ந்த மனிதர் ஒருவர் தன் ஆறேழு வயதுத் தலையின் உயரத்தை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு, அங்கே மண்ணைக் குழைத்து மாடம் வைத்திருக்கிறார். எனக்காகத்தான் செய்தார், அதில் சந்தேகமில்லை. ஆனால் எனக்காக மட்டும் இல்லை.

அதை மட்டும் விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று அக்கா பின்னால் ஒருதரம் என்னைக் கடிந்துகொண்டார். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. ஒரு கைப்பிடி மண்கூட அந்தச் சுவரில் இருக்கக் கூடாது. வாசல்படியில் உட்கார்ந்து அவருக்காகத்தான் அழுதேன், ஆனாலும் அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை. அவரும் அதை எதிர்பார்த்து நின்றதாகத் தெரியவில்லை. மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, மாடத்தைக் கையாலேயே பெயர்த்தார். கட்டி கட்டியாக எடுத்துக் கீழே வைத்தார். வேலை முடிந்து வந்தபோது அவர் நகக்கண்ணெல்லாம் மண்.

சீன ஆசாரி வந்து உளுத்த பலகைகளைக் கழற்றிப் புதுப் பலகை அடித்தார். பழையது கறுப்பு, புதியது வெளுப்பு. ஒட்டுப் போட்ட சட்டை மாதிரி ஒரு வீடு. நான் தட்டிப் பார்த்தேன், டொக்கு டொக்கென்றது. துரைசாணி அடுத்த வருஷமே சீமைக்குப் போய்விட்டார், திரும்பவில்லை. அந்த உத்தரங்களையெல்லாம் அடுத்த துரை கழற்றி விறகுக்குப் போட்டார். எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு சுவரில் யாரும் ஒன்றும் செய்யவில்லை. ஒரு சாமி படம், ஒரு காலண்டர், அவ்வளவுதான். மழை பெய்தால் நான் அழுவது நின்றுவிடவில்லை. ஆனால் இவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார், ஏன் என்று கேட்கமாட்டார்.

என் பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த காலம். ஒரு நாள் காலையில் கையில் சிலேட்டோடு, மாடம் இருந்த அந்தச் சுவரின் பக்கம் நின்று அப்பாவைக் கூப்பிட்டான். இவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு மெல்ல அவன் தலைமேல் உள்ளங்கையை வைத்தார். கையை அந்த உயரத்திலேயே பக்கவாட்டில் நகர்த்தி, வெறும் பலகையைத் தொட்டுப் பார்த்தார். "என்னப்பா?" என்றான் பிள்ளை. "ஒண்ணுமில்லடா, நேரமாச்சு" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார்.